ஆமை மூழ்க வேண்டும்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் தொட்டியைச் சுற்றி ஒரே கைதட்டல். ஆமை மேலே வந்து விருந்தினர்களுக்குத் தரிசனம் தருகிறதாம். எங்கள் மையத்தின் இயக்குநர், "பாருங்க, எவ்வளவு ஜாலியா நீந்துது!" என்கிறார். கடலாமைகளைக் காப்பாற்றும் இடத்துக்குத் தலைவர். மிதப்பதற்கும் நீந்துவதற்கும் வித்தியாசம் தெரியாது. செத்த மீனும்தான் மிதக்கிறது. அதற்கும் கைதட்டச் சொல்லவேண்டியதுதானே?

எக்ஸ்ரேயில் குடல் முழுக்கக் காற்று. எதையோ விழுங்கி அடைத்துக்கொண்டிருக்கிறாள். கீழே போக முடியாத ஆமைக்கு இரையும் இல்லை, படகுக்குத் தப்ப வழியும் இல்லை. அவள் மூழ்க வேண்டும். எனக்கு வேறெதுவும் வேண்டாம்.

மார்ச் 5

எண்ணெய் கொடுத்தேன். குளுக்கோஸ் ஏற்றினேன். ஒன்றும் வெளியே வரவில்லை.

மார்ச் 6, வெள்ளி

விழாவாம். பதினைந்தாம் தேதி ஆமையைக் கடலில் விட்டு, கூடவே பலூன் பறக்கவிடப் போகிறார்களாம். பலூன்! கடற்கரையில்! பறந்துபோன பலூன் எங்கே வந்து விழும் என்று நினைக்கிறார், இவர் மடியிலா?

"சார், மூழ்காத ஆமையைக் கடல்ல விடக் கூடாது" என்றேன்.

முகத்தைச் சுளித்தார். "மூழ்கறதுன்னு சொல்லாதீங்கம்மா, கேக்கவே நல்லால்ல. பலூனைப் பத்திக் கவலைப்படாதீங்க, அது மக்கிடும்."

பலூன் மக்குமோ என்னவோ, மக்கு யார் என்று தெரிந்துவிட்டது.

மார்ச் 9

சாப்பாடு இறங்கவில்லை. அம்மா திட்டினாள்: "ஆமை வெளிக்கிப் போகலன்னு நீ ஏண்டி பட்டினி கெடக்கற? ஆமை புகுந்த வீடு உருப்படாதுன்னு சும்மாவா சொன்னாங்க?"

சிரித்துவிட்டேன். மனுஷன் புகுந்த கடல் மட்டும் உருப்பட்டுவிட்டதா?

செத்துடுவாளோ? பயமா இருக்கு.

மார்ச் 12

தொட்டி கழுவும் அக்கா ஓடி வந்தார். "டாக்டரம்மா, போயிடுச்சு! போயிடுச்சு!"

எனக்கு உயிரே போய்விட்டது. எது போனது என்று புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. பிறகு அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

கேரி பேக் துண்டுகள், ரிப்பன், முடிச்சோடு ஒரு பலூனின் கழுத்து. ஜெல்லி மீன் என்று நம்பித் தின்றிருக்கிறாள். பாவம், ஆமை ஏமாந்தது. இவ்வளவு படித்த மனுஷருக்கு என்ன வந்தது? ஒரு பாட்டிலில் போட்டு அவர் மேசையில் வைத்தேன். "டீ குடிக்கறப்ப இதையெல்லாம் காட்டாதீங்கம்மா" என்றார்.

மார்ச் 14, சனி

காலையில் தொட்டியின் அடியில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்! எத்தனை அழகு. இயக்குநர் எட்டிப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டு போனார்.

மத்தியானத்துக்குள் விழா ரத்து. வாசலில் 'எங்களைப் பிரிந்த தோழிக்குக் கண்ணீர் அஞ்சலி' என்று பேனர். அதற்கு ஒரு மாலை. பிளாஸ்டிக் பூ.

"சொல்லிடலாமாம்மா?" என்றார் அக்கா.

"கேட்டா சொல்லலாம்."

கேட்கவில்லை. தொட்டிப் பக்கமே வரவில்லை. மனசு தாங்காதாம்.

மார்ச் 20

அடுத்த விழாவுக்குப் பலூன் பெட்டியைக் கேட்டார். எலி கடித்துவிட்டது என்றேன். என் கத்தரிக்கோல்தான் அந்த எலி.

ஏப்ரல் 2, வியாழன்

விடியற்காலை. நானும் அக்காவும் மட்டும். கைதட்ட ஆளில்லை. அலையைத் தாண்டியதும் ஒருமுறை தலையைத் தூக்கி மூச்சு வாங்கினாள்.

மூழ்கிவிட்டாள்.