பாடம் எடுத்தவளுக்குப் பூஜ்ஜியம்

ஆசை மச்சான் சூசைக்கு,

நீ மேலே போய்ச் சேர்ந்த இடத்தில் பல்கலைக்கழகம் எதுவும் இல்லையென்றால் நிம்மதியாக இரு. இங்கே இருக்கிற ஒன்று எங்களைப் படுத்தும் பாடு போதும்.

உன் பெண்டாட்டி, என் தங்கச்சி புஷ்பம், பட்டப்படிப்புக்கு விண்ணப்பித்தாள். மீனவர் சங்கத்தில் மேலாளர் வேலை காலியாகப் போகிறது. டிகிரி இருந்தால்தான் எடுப்பார்களாம். வாழ்க்கையில் ஏற்கெனவே கற்றதற்கும் மதிப்பெண் தருவோம், அதனால் படிப்புக் காலமும் குறையும் என்று பல்கலைக்கழகம் விளம்பரம் செய்திருந்தது. திரேஸ்புரம் கரையில் இத்தனை காலமாக மீன் ஏலம் விடுகிறவளுக்கு வேறென்ன வேண்டும்? துணைக்குப் போன நானும் விண்ணப்பம் போட்டுவைத்தேன். சும்மா கிடைப்பதை நான் என்றைக்கு விட்டேன்?

முடிவு வந்தது. எனக்கு மதிப்பெண் உண்டு. அவளுக்குப் பூஜ்ஜியம்.

சிரிக்காதே, கேள். போன வருடம் அதே பல்கலைக்கழகம் நம் கரையில் மீன் ஏலம் பற்றிப் பயிற்சி வகுப்பு நடத்தியது. பாடம் எடுத்தது புஷ்பம். நான் போனது மத்தியானப் பிரியாணிக்கு. தின்றுவிட்டுக் கடைசி வரிசையில் குறட்டை விட்டேன். வந்து உட்கார்ந்தவனுக்கெல்லாம் சான்றிதழ் கொடுத்தார்கள். சொல்லிக்கொடுத்தவளுக்கு ஒரு சால்வை. சால்வைக்கு மதிப்பெண் கிடையாதாம்.

நேரில் போய்க் கேட்டோம். ஏ.சி. அறையில் இருந்த பேராசிரியர் கூச்சமே இல்லாமல் சொன்னார்: "அனுபவம் இருக்கலாம்மா. கத்துக்கிட்டதுக்கு ஆதாரம் வேணுமே. அடுத்த மாசம் மறுபடி வகுப்பு இருக்கு, மாணவியா வந்து உக்காருங்க."

பிறகு என் பக்கம் திரும்பி, சான்றிதழ் வைத்திருக்கிறவர் என்பதால் அந்த வகுப்பை நானே எடுக்கலாம் என்றார். நாறிப்போன சீலாவை நல்ல மீன் என்று வாங்கிவந்த என்னை. அதற்கு நீ எத்தனை நாள் சிரித்தாய்?

வெளியே வந்ததும், "முடியாதுன்னு சொல்லிருதேன்ளா" என்றேன்.

"ஏண்ணே, கிறுக்கா பிடிச்சிருக்கு? நீ மாட்டேன்னா வேற ஒரு தூங்குமூஞ்சியக் கூட்டியாருவாவ. எனக்கு அந்த வேல வேணும். நா உக்காருதேன்."

ஏலம் நடக்கும்போது கூடையைச் சுற்றி எல்லாரும் குனிவார்கள், அவள் ஒருத்தி நிமிர்ந்து நிற்பாள். அவளை உட்காரவைத்து நான் எதைச் சொல்ல, மச்சான்?

ஒன்று மட்டும் சத்தியம். அந்த வகுப்பில் நான் வாய் திறப்பது ஒரே தடவைதான், அவளை முன்னால் வரச் சொல்ல. பதிவேட்டில் ஆசிரியர் நானாகவே, மாணவி அவளாகவே இருக்கட்டும். சான்றிதழ் அவள் கைக்கு வரும்வரை பேராசிரியரைப் பார்த்துப் பல்லை இளிப்பேன். வந்த மறுநிமிடம் அவரிடம் கேட்க வேண்டியதைக் கேட்பேன், நம் கரைப் பேச்சில்.

புஷ்பத்தின் அண்ணன்,
உன் மச்சான் அந்தோணி