குருவி போட்ட விடைகள்

மே 8, வியாழன்

ஹால் டிக்கெட்டில் என் முகம் பூதம் மாதிரி விழுந்திருக்கிறது. "இந்த மூஞ்சியைப் பார்த்தா பேஷன்ட் எழுந்து ஓடிருவான்" என்கிறான் அண்ணன். நாளை மறுநாள் நர்சிங் நுழைவுத் தேர்வு. வாசித்துப் புரிந்துகொள்வதும் சொற்பொருளும்தான், நாற்பது கேள்வி. எனக்கென்ன பயம்? வகுப்பில் என் பெயரே 'அகராதி'. சொல்லுக்குப் பொருள் தெரிந்தவள் என்பதால் பாதி, திமிர் பிடித்தவள் என்பதால் மீதி.

மே 10, சனி

எழுதியாயிற்று. வெளியே சைக்கிள் நிறுத்துமிடத்தில் எட்டுப் பேர் கேள்வித்தாளோடு என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "அகராதி, நீ சொல்லுடி." நான் சொல்லச் சொல்ல ஒருத்தி "அப்பாடா" என்பாள், இன்னொருத்தி தலையில் அடித்துக்கொள்வாள். எனக்கு அது பிடித்திருந்தது. இங்கேயாவது ஒத்துக்கொள்கிறேன்.

குருவி கடைசி வரை வாயைத் திறக்கவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்காருகிறவள்; ஆளும் சின்னது, குரலும் சின்னது. பிறகு மெதுவாகக் கேட்டாள்: "ரெண்டாவது பத்தியில அந்த டாக்டரைக் கிண்டல்தானே பண்றாங்க?"

"கிண்டலா? வரிக்கு வரி புகழ்ந்திருக்காங்க. 'இவர் கைபட்டவர் எவரும் குறை சொல்லத் திரும்பி வந்ததில்லை'ன்னு இருக்கே, படிக்கலையா?"

"அதனாலதான்..." என்று இழுத்தாள்.

"அதைத் தப்பாப் புரிஞ்சிருந்தா அந்த ஏழு கேள்வியும் போச்சுடி."

'இறும்பூது' என்ற சொல்லுக்கு அவள் வியப்பு என்று போட்டிருந்தாள். செருக்கு என்றேன் நான். ஆக அவளுக்கு மொத்தம் எட்டு தப்பு. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். குருவி சிரித்தாள். "சரி, வரேன்" என்று நடந்தாள்.

மே 11, ஞாயிறு

காலையில் குருவியின் அம்மா வாசலில் நின்றார். "எம்பொண்ணை எழுப்பி விடும்மா."

என் வீட்டில் தங்குவதாகப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போனாளாம். இங்கே வரவே இல்லை. போன் அணைந்து கிடக்கிறது.

"பரீட்சையைப் பத்தி ஏதாவது சொன்னாளா?"

"நல்லா எழுதினதாத்தான் சொன்னா, அத்தை."

பொய். ஏன் சொன்னேன்? யோசிப்பதற்குள் வாயிலிருந்து வந்துவிட்டது.

குருவிக்கு அப்பா இல்லை. படிக்க வைப்பது அவளுடைய மாமா. தேறாவிட்டால் தையல் கம்பெனிதான், இன்னொரு வருஷம் உட்காரவைத்துச் சோறு போட முடியாது என்று அவர் சொன்னது தெருவுக்கே தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துதானே சொன்னேன்.

அண்ணனும் அந்த மாமாவும் பஸ் நிலையத்தில் தேடிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். "ஏரிப் பக்கமும் ஒரு எட்டுப் பார்த்துரலாம்" என்று தெருவில் யாரோ தாழ்ந்த குரலில் சொன்னார்கள். எதுக்கு ஏரி? எதுக்கு அதெல்லாம் சொல்றாங்க?

போச்சுடின்னு சொன்னேனே. சிரிச்சிக்கிட்டே சொன்னேனே.

மே 12, திங்கள்

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அடிப்பாள் என்று நினைத்தேன். "செருப்பை மாட்டு" என்றாள்.

போலீஸில் எழுதிக் கொடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார் குருவியின் அம்மா. சைக்கிள் நிறுத்துமிடத்தில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அந்த மாமா எழுந்து உள்ளே போய்விட்டார். குருவியின் அம்மா ஒன்றே ஒன்று கேட்டார்.

"நீ சொன்னதும் அவ சிரிச்சாளா?"

"சிரிச்சா."

"பயந்துபோனா அவ சிரிப்பாம்மா."

ஏழு வருஷம் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு இது தெரியாது.

மே 13, செவ்வாய்

இன்னும் இல்லை. ஏரியில் ஆள் இறங்கித் தேடினார்களாம். எழுத வரவில்லை.

மே 14, புதன்

இருக்கிறாள். உயிரோடு இருக்கிறாள்!

இரண்டு மணி நேரப் பயணத்தில் ஒரு தையல் கம்பெனி. அவளே போய் வேலை கேட்டிருக்கிறாள். பதினெட்டு முடிந்தவள் என்பதால் சேர்த்துக்கொண்டு விடுதியில் இடமும் கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்குத் தெரியுமா என்று சூப்பர்வைசர் அம்மா இன்று கேட்டதும் உடைந்து அழுதிருக்கிறாள். அவர்தான் போன் செய்தார்.

குருவியின் அம்மா போய்க் கூப்பிட்டும் வர மறுத்துவிட்டாள். "மாமா அனுப்புறதுக்கு முன்னாடி நானே வந்துட்டேன்" என்றாளாம்.



மே 24, சனி

விடைகளும் முடிவும் வந்துவிட்டன. அந்தப் பத்தி கேலிதான். யாரும் திரும்பி வரவில்லையாம் — செத்தவன் எப்படி வருவான்! குருவி போட்டது ஏழும் சரி. இறும்பூது என்றால் வியப்பு. அகராதியாம், அகராதி.

தேற இருபத்தெட்டு வேண்டும். எனக்கு இருபத்தாறு. குருவிக்கு முப்பத்து மூன்று. இருபத்தேழாம் தேதிக்குள் நேரில் போய்ச் சேராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். போன் செய்தால் எடுக்கமாட்டேன் என்கிறாள். நானே போகிறேன் என்று அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

மே 26, திங்கள்

சாப்பாட்டு இடைவேளையில் வெளியே வந்தாள். தலையெல்லாம் நூல் பிசிறு.

"நீ போட்டதுதான் சரி. நீ பாஸ்டி. நான்தான் தப்பு."

நம்பவில்லை. "அன்னைக்கும் இப்படித்தான் அடிச்சுச் சொன்னே."

அச்செடுத்து வந்த தாளை நீட்டினேன். விரலை வைத்து வரி வரியாக வாசித்தாள். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. அறைவாள் என்று நினைத்தேன். அறைந்திருக்கலாம்.

"நாளைக்குத்தானே கடைசி நாள்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பையை எடுக்கப் போனாள். பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாக இருந்தது. முன் சீட்டில் போய் உட்கார்ந்தாள்.

ஜூன் 30, திங்கள்

குருவி நர்சிங் விடுதிக்குப் போய்விட்டாளாம். அண்ணன் சொன்னான். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

குருவி லீவில் வந்திருக்கிறாள். சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தாள்! அம்மாவோடு நிறையப் பேசினாள். அடுத்த வாரம் எனக்கு நர்சிங் மறுதேர்வு என்று அம்மாதான் சொன்னாள். நான் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கையைக் கொடு, நாடி பார்த்துப் பழகணும்" என்று என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஏண்டி இந்த அடி அடிக்குது?"

"நீ வந்திருக்கேல்ல."

அவள் சிரிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்து முழு ஒரு நிமிடம் எண்ணினாள். எண்ணி முடித்த பிறகும் கையை விடவில்லை.