மூன்று ஜோடிக் கால்கள்

சாக்கை அவிழ்த்ததும் மண்ணெண்ணெய் வாடை வந்தது. கறையான் ஏறாமலிருக்க நீ தடவியது, கூட்டாளி. நீ போய்விட்டாய், வாடை போகவில்லை.

இந்தக் கடிதத்தை நானே எழுதுகிறேன். ஆமாம், நானேதான்! நெரவியில் முதியோர் வகுப்புக்குப் போய் எழுத்து கற்றுக்கொண்டேன். ஒரு வரி முடிவதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆனாலும் சந்தோஷம் தாங்கவில்லை.

இடிக்கிற பழைய வீடுகளிலிருந்து எவ்வளவு சாமான் சேர்த்தாய்! செதுக்கிய கதவு, நீங்கள் சம்மனசு என்கிற இறக்கை உடைந்த தேவதூதர் சிலை, பித்தளை விளக்கு. எல்லாம் தலத்தெருவில் உன் வீட்டுக் கூடத்தில் யாரும் பார்க்கும்படி இருந்தன. இது ஒன்றை மட்டும் இந்தச் சாக்கில் கட்டி என்னிடம் கொண்டுவந்தாய். பலாமரப் பீடம், அதன்மேல் கணுக்காலோடு ஒடிந்த மூன்று ஜோடிக் கால்கள். பெரியவை, கொஞ்சம் சிறியவை, நடுவில் குழந்தைக் கால்கள்.

"நான் கேக்குற வரைக்கும் யாருக்கும் காட்டாத" என்றாய். நான் எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்தினேன். "ஏன்யா பயப்படுற? காலு மட்டுந்தான் இருக்கு, ஓடியா போயிடும்?" என்று சிரித்தாய். கேட்க நீ வரவே இல்லை. மாரடைப்பு முந்திக்கொண்டது.

போன வாரம் டிவியில் சிலை திருடியவர்களைப் பிடித்துக்கொண்டு போவதைக் காட்டினார்கள். மருமகள் என் பக்கம் திரும்பினாள். "மாமா, அந்தச் சாக்க அரசலாத்துல போட்டுட்டு வாங்க. இல்ல, இந்த வயசுல ஜெயில் களி திங்க ஆசையா?"

போடுமுன் ஒருமுறை பார்க்கத்தான் அவிழ்த்தேன். பீடத்தின் அடியில் எழுத்து செதுக்கியிருந்தது. முன்பு எனக்கு அது வெறும் கோடு. விரல் வைத்துக் கூட்டினேன். தி... ரு... திருநள்ளாறு என்றுதான் மனம் ஓடியது. ஐயன், அம்மை, நடுவில் முருகன். சனீஸ்வரன் ஊர்ச் சொத்தையா கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன்? நீ திருடனாய்யா?

மேலும் கூட்டினேன். க்... கு... டு... ம்... ப... ம். திருக்குடும்பம்! உங்கள் சூசையப்பர், மாதா, குழந்தை இயேசு. கத்தியே விட்டேன். மருமகள் ஓடி வந்தாள். படித்துக் காட்டினேன்.

"அப்ப மாதா கோயில்ல திருடுனதா மாமா?"

மறுபடி பீடத்தின் அடியைப் பார்த்தேன். அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்திருக்கிறது. ஊர்ப் பெயராக இருக்கலாம். தேய்ந்துவிட்டது.

ஆற்றில் போட்டால் நீ திருடன் என்று நானே ஒப்புக்கொண்டது போலாகும். நாளைக்கு உங்கள் மாதா கோயில் பங்குச் சாமியாரிடம் தூக்கிக்கொண்டு போகிறேன். போலீசைக் கூப்பிடுவாரோ, என்னவோ. யார் கொடுத்தது என்று கேட்டால் உன் பெயர் என் வாயில் வராது. என் வீட்டில் இருந்தது, என்னுடையது என்பேன்.