அழிக்காமல் விட்ட கோடு

ஜூன் 7, சனி

இன்றும் முட்டைதான். வெள்ளைத் தாளின் மேல் ஒரு வெள்ளை முட்டையை வைத்து, "இதுல எத்தன விதமான வெள்ள இருக்குன்னு நல்லாப் பாத்துட்டு அப்புறம் பென்சில எடுங்க" என்று சொல்லிவிட்டு ஓவிய டீச்சர் ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார். என்னைவிடப் பதினைந்து வயதாவது சிறியவர். ஆனால் அவர் வாயைத் திறந்தாலே எனக்குப் பெஞ்சு மேல் ஏறி நின்ற ஞாபகம் வந்துவிடுகிறது.

இந்தச் சனிக்கிழமை ஓவிய வகுப்பில் ஒரே ஒரு சட்டம்: ரப்பர் கூடாது. தப்பான கோட்டை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் சரியான கோட்டைப் போட வேண்டுமாம். பழைய கோடு கண்ணில் பட்டால்தான் புதுக் கோடு எங்கே போக வேண்டும் என்று தெரியுமாம். எனக்குப் பக்கத்து நாற்காலி ஒரு ரிடையர்டு பஸ் டிரைவர். "டீச்சர், பழைய கோடும் புதுக் கோடும் சேந்து என் முட்டைக்கு மீசையே மொளைச்சிருச்சு" என்றார். டீச்சரும் சிரித்தார். ரப்பர் மட்டும் தரவில்லை.

எனக்கு இது ஒத்துவராது. இத்தனை வருஷமாகப் போட்டோ ஸ்டுடியோவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மனித முகங்களைத் திருத்துவதுதான் என் பிழைப்பு. பரு, வடு, கண்ணுக்குக் கீழே கறுப்பு, ஒரு பக்கம் தூக்கிய காது - எதுவும் என்னைத் தாண்டிப் போனதில்லை. என்னிடம் போய் அழிக்காதே என்றால்?

வரும் வழியில் ஒரு ரப்பர் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். வீட்டில் யார் வந்து பார்க்கப்போகிறார்கள்.

ஜூன் 11, புதன்

வகுப்பு முடியும்போது ஒரு கண்காட்சி உண்டாம். ஆளுக்கு ஒரு முகம். அக்காவை வரையலாம் என்று முடிவு செய்துவிட்டேன். வீட்டில் வேறு ஆளும் இல்லை. கல்யாணம் அவளுக்கு நடக்கவில்லை, எனக்கு நிலைக்கவில்லை. ஆக, நாங்கள் இரண்டு பேர், ஒரு சாப்பாட்டு மேஜை, அதன் மேல் எப்போதும் அவள் பள்ளிக்கூடத்திலிருந்து திருத்தக் கொண்டுவரும் கணக்குப் பேப்பர் கட்டு.

கேட்டேன். "என் மூஞ்சியையா? வேற நல்லதா எதுவும் கெடைக்கலியா உனக்கு?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே, "பேப்பர் திருத்தும்போது வரைஞ்சுக்கோ. ஆனா அசையாதே, சிரின்னு எல்லாம் சொன்னே, ஸ்கேலாலயே போடுவேன்" என்றாள்.

ஆயிரக்கணக்கில் முகங்களை அழகாக்கி அனுப்பியிருக்கிறேன். ஒன்றைக்கூட நானாக வரைந்ததில்லை. ஒரே ஒரு முகத்தையாவது, பார்க்கிறவர்கள் "அட, இவங்கதானே" என்று சொல்கிற மாதிரி வரைந்துவிட வேண்டும். இந்த வயதில் இப்படி ஒரு ஆசை.

ஜூன் 16, திங்கள்

பள்ளிக்கூடம் விட்டதும் அக்கா ஸ்டுடியோவுக்கு வந்தாள். அடையாள அட்டைக்குப் புதுப் போட்டோ வேண்டுமாம். நானே எடுத்து, வழக்கமான கைவேலை பார்த்துக் கொடுத்தேன். முடியில் ஒரு பிசிறு, கன்னத்தில் ஒரு நிழல், ஒரு கண் கொஞ்சம் சிறிதாக விழுந்திருந்தது - சமப்படுத்தினேன். "பத்து வயசு கொறச்சிட்டியேடா" என்று சந்தோஷமாக எடுத்துக்கொண்டு போனாள்.

ஜூன் 24, செவ்வாய்

முதல் படம் முடிந்தது. அக்கா அதைத் தள்ளி வைத்துப் பார்த்தாள், கிட்டே வைத்துப் பார்த்தாள். "யாருடா இது, உங்க முதலாளியா?"

ஜூன் 28, சனி

கண்கள் தலையின் சரிபாதியில் இருக்கின்றனவாம்! நாங்கள் எல்லோருமே நெற்றியைச் சுருக்கிக் கண்ணை உச்சந்தலைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்திருந்தோம். கையை நேராக நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சில் மேல் கட்டைவிரலை நகர்த்தி அளப்பது எப்படி என்று டீச்சர் காட்டிக் கொடுத்தார்.

"மனசுல இருக்கற மொகத்த வரையாதீங்க சார். எதிர்ல இருக்கற மொகத்த வரைங்க."

சொல்வது சுலபம்.

ஜூலை 3, வியாழன்

மூக்கு வந்துவிட்டது. தாடையும் அவளுடையதுதான். இடது கண்தான் படுத்துகிறது. பென்சிலை நீட்டி அளந்து போட்டால், இமை இறங்கி, தூங்கி வழிகிற மாதிரி விழுகிறது. என் கையில்தான் ஏதோ கோளாறு. அக்காவின் கண் எனக்குத் தெரியாதா? விவரம் தெரிந்த நாளிலிருந்து என்னை முறைத்து வளர்த்த கண். ரப்பரை எடுத்துத் துடைத்துவிட்டு வலது கண்ணுக்குச் சமமாகப் போட்டேன்.

இப்போது படம் அழகாக இருக்கிறது. அக்கா மாதிரிதான் இல்லை.

ஜூலை 6, ஞாயிறு

காலையில் எழுந்ததும் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவளை வரைந்தேன். இடது கண் முதல் கோட்டிலேயே ஒழுங்காக வந்தது! கை படிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

ஜூலை 8, செவ்வாய்

படியவில்லை. மறுபடியும் ரப்பர்.

ஜூலை 15, செவ்வாய்

இன்று ஒரு அருமையான தோரணை கிடைத்தது. அக்கா முழங்கையை மேஜையில் ஊன்றி, உள்ளங்கையால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பேப்பர் திருத்தினாள். பெரிய யோசனையில் இருப்பவள் மாதிரி. அந்தப் பாழாய்ப்போன கண்ணையும் வரைய வேண்டியதில்லை! கண்காட்சிக்கு இதையே கொடுத்துவிடலாமா என்று பார்க்கிறேன். விரல்கள்தான் கேரட் மாதிரி வந்திருக்கின்றன.

சாப்பிடும்போது அக்கா தண்ணீரை டம்ளருக்கு வெளியே ஊற்றிவிட்டாள். "எங்க பாத்துக்கிட்டு ஊத்தறே?" என்று கேலி செய்தேன். பதிலுக்கு ஒன்றும் சொல்லாமல் துணியை எடுத்துத் துடைத்தாள். அக்கா பதில் சொல்லாமல் விடுகிற ஆள் இல்லையே.

ஜூலை 19, சனி

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

இதுவரை வரைந்த முகங்களை எல்லாம் எடுத்துவரச் சொல்லியிருந்தார் டீச்சர். ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு ஒரு தாளை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். இடது கண் இருந்த இடத்தில் மட்டும் வெளிச்சம் ஊடுருவி வந்தது.

"இந்த எடத்துல தாளே பஞ்சாப் போயிருக்கு சார்."

மாட்டிக்கொண்டேன் என்று தலையைச் சொறிந்தேன்.

"ரப்பர் விஷயத்த அப்புறம் பேசிக்கலாம். அநேகமா எல்லாத் தாள்லயும் இதே எடத்துல தேச்சிருக்கீங்க. நீங்க மொதல்ல போட்ட கோடு பள்ளமாத் தெரியுது பாருங்க, ஒவ்வொண்ணுலயும் இமை கீழதான் இருக்கு. கை தப்புப் பண்ணா ஒரு தடவ மேல போகும், ஒரு தடவ கீழ போகும். இது ஒரே எடத்துல விழுது. நீங்க சரியாப் பாத்து வரைஞ்சுட்டு, அப்புறமா அழிச்சிருக்கீங்க."

இடது கண் தெரிகிற படங்களில், ஞாயிறு காலையில் வரைந்ததில் மட்டும் தேய்த்த தடம் இல்லை.

பஸ்ஸில் நான் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது. திரும்பி நடந்து வந்தேன். அக்கா மேஜையில் இருந்தாள், கையால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு.

"அக்கா, கைய எடு."

"ஏன், விரல் சரியா வரலியா?"

"எடுன்னா எடு."

எடுத்தாள். பென்சிலை நீட்டி அளந்தேன். இமை பாதிக் கருவிழி வரை இறங்கி இருந்தது. அளக்கவே வேண்டியதில்லை, வெறும் கண்ணுக்கே தெரிகிறது. தினமும் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டேனே, தினமும் உத்து உத்துப் பாத்தேனே, என்னத்தப் பாத்தேன்?

"எப்பலேருந்து இப்படி இருக்கு?"

"தூக்கக் கலக்கம்டா."

"பொய் சொல்லாத. ஏன் கண்ணப் பொத்திக்கறே?"

பேனாவை மூடி வைத்தாள். "ரெண்டு ரெண்டாத் தெரியுது. ஒரு கண்ண மூடினா ஒண்ணாத் தெரியும். காலைல நல்லாத்தான் இருக்கு, சாயந்திரம் ஆச்சுன்னா ஆரம்பிச்சிருது."

ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். அவளும் கத்தினாள். "என்ன சொல்லச் சொல்றே? கணக்கு டீச்சருக்குக் கண்ணு அவுட்டுன்னு போர்டுல எழுதிப் போடவா? வேலைய விட்டுட்டு வீட்ல உக்காந்து உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்கவா?"

டாக்டரிடம் போகலாம் என்றேன். முடியாது என்று எழுந்து அறைக்குள் போய்விட்டாள். அவளுக்குப் பயம். எனக்கு அதைவிடப் பயம்.

ஜூலை 20, ஞாயிறு

பேச்சுவார்த்தை இல்லை. எல்லாப் படங்களையும் மேஜை மேல் வரிசையாகப் பரப்பிவிட்டு வெளியே போய்விட்டேன். ஒவ்வொன்றின் மூலையிலும் எந்த வேளையில் வரைந்தது என்று எழுதி வைப்பது வகுப்பில் கற்றுக்கொண்ட பழக்கம்.

திரும்பி வந்தபோது அவற்றை இரண்டு கட்டாகப் பிரித்து வைத்திருந்தாள். ஒரு பக்கம் சாயந்திரங்கள் எல்லாம். இன்னொரு பக்கம் அந்த ஒற்றைக் காலை. கணக்கு டீச்சர் ஆயிற்றே. விரலால் தேய்ந்த இடங்களைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு கஷ்டப்பட்டு அழிச்சிருக்கேடா" என்றாள். பிறகு, "சரி, போலாம்."

ஜூலை 22, செவ்வாய்

டாக்டர் ஒரு விரலை உயர்த்திப் பிடித்து, "இதையே பாத்துக்கிட்டு இருங்கம்மா, கீழ பாக்கக் கூடாது" என்றார். அக்கா பார்த்தாள். வலது இமை நின்றது. இடது இமை கொஞ்சம் கொஞ்சமாக, கடை மூடுகிற மாதிரி இறங்கியது. பிறகு துணியில் சுற்றிய ஐஸ் கட்டியைக் கொஞ்ச நேரம் அந்தக் கண் மேல் வைத்து எடுத்தார். இமை எழுந்துவிட்டது! அக்கா கண்ணாடியில் பார்த்துவிட்டு, "பேசாம ஃப்ரிட்ஜுக்குள்ளயே குடித்தனம் போயிடலாம் போலிருக்கே" என்றாள். டாக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நரம்பு இடும் கட்டளை தசைக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லையாம். வேலை செய்யச் செய்யத் தசை சோர்ந்துவிடும், ஓய்வு கொடுத்தால் மீண்டும் எழும். ரத்தப் பரிசோதனையும், சிலருக்கு இதோடு மார்புக்குள் கட்டி வருமாம், அதைப் பார்க்க ஒரு ஸ்கேனும் எழுதிக் கொடுத்தார். "விழுங்கறதுல, மூச்சு விடறதுல கஷ்டம் வந்தா ஒரு நிமிஷம்கூட யோசிக்காதீங்க, நேரா இங்க வந்துடுங்க."

அந்த வார்த்தையிலிருந்து அவள் சாப்பிடும் ஒவ்வொரு வாயையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். "என்னடா, இப்ப தொண்டைய வரையப் போறியா?" என்கிறாள்.

ஜூலை 23, புதன்

ஸ்டுடியோவில் ஜூன் மாதப் படங்களைத் திறந்து, அக்காவின் போட்டோவைத் திருத்துவதற்கு முந்திய நிலையில் பார்த்தேன். இறங்கித்தான் இருக்கிறது. நான் சமப்படுத்திய முகத்தைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு அவள் பள்ளிக்கூடம் போய் வந்துகொண்டிருக்கிறாள்.



ஜூலை 31, வியாழன்

முடிவுகள் வந்தன. டாக்டர் சந்தேகப்பட்டதேதான். ஸ்கேனில் கட்டி ஒன்றும் இல்லை. நோய் இப்போதைக்குக் கண்ணோடு நிற்கிறது. மாத்திரை உண்டு, தொடர்ந்து கவனிக்க வேண்டும், பள்ளிக்கூடம் போகலாம். கடைசி வார்த்தையைக் கேட்டதும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கடைசியாக எப்போது பிடித்தாள் என்று நினைவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

ரப்பரை டீச்சர் மேஜையில் வைத்துவிட்டு, விஷயத்தைச் சொன்னேன். அவர் புதிதாகச் சீவிய, கறுப்பு நன்றாகப் பிடிக்கும் 4பி பென்சில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்த ஒருவர், "ஒரு கண்ணு சின்னதாத் தெரியுது, கொஞ்சம் சரி பண்ணிடுங்க" என்றார். மௌஸில் கை வைக்காமல், "எப்பலேருந்து இப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"பொறந்ததுலேருந்துங்க. ஏன்?"

முதலாளி என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

கண்காட்சிக்குப் படம் இன்னும் தயாரில்லை. சாயந்திரம் அக்கா வீட்டுக்கு வந்ததும் முகம் கழுவிவிட்டு என் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். பேப்பர் கட்டு இல்லை. முன்னால் போட்ட மாத்திரையின் வேகம் தீர்ந்து இமை இறங்கியிருந்தது.

"அடுத்த மாத்திரைய அப்புறம் போட்டுக்கறேன். மொதல்ல இந்தக் கண்ண வரை. உள்ளபடி."

"மொதல்ல மாத்திரைய முழுங்கு. இல்லேன்னா பென்சிலத் தொட மாட்டேன்."

முணுமுணுத்துக்கொண்டே முழுங்கினாள். நான் அவசரமாகக் கண்ணிலிருந்து தொடங்கினேன். இறங்கிய இமைக்கு ஒரே கோடு, பார்த்தபடி. பிறகு மூக்கு, உதடு, காது, நெற்றியோரத்து நரை. அவள் பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள். மறுபடியும் கண்ணுக்கு வந்தபோது கோடு பொய்யாகி இருந்தது. இமை மேலே ஏறிவிட்டது.

கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று. அங்கே ஒன்றும் இல்லை. இருந்த கோட்டுக்கு மேலே, இப்போது இருக்கும் இமையை இன்னொரு கோடாகப் போட்டேன்.

அக்கா எழுந்து வந்து பார்த்தாள். "எனக்கு ரெண்டாத் தெரியறது நின்னு போச்சு. இப்ப உனக்கு ஆரம்பிச்சிருச்சா?" சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரிப்பால் மட்டும் வந்ததல்ல, அவளுக்கும் அது தெரிந்திருக்கும்.

ஆகஸ்ட் 30, சனி

கண்காட்சி. பஸ் டிரைவர் தன் முகத்தையே வரைந்திருந்தார், மீசை அட்டகாசம். என் படம் கதவுக்குப் பக்கத்துச் சுவரில். அக்கா பள்ளிக்கூடத்தில் ஏதோ கூட்டத்தை முடித்துக்கொண்டு நேராக வந்தாள். களைப்பு. இமை லேசாக இறங்கியிருந்தது.

யாரோ ஒரு அம்மாள் என் படத்தின் முன்னால் நின்று, தன்னோடு வந்தவரிடம் சொன்னார். "நல்லாத்தான் வரைஞ்சிருக்காரு. ஆனா எமைக்கு மேல ஒரு கோடு தப்பாப் போட்டுட்டு அழிக்க மறந்துட்டாரு போல."

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முன்னால் போனாள். வகுப்பில் கரும்பலகையில் காட்டுவது போல விரலை நீட்டினாள்.

"மறக்கலீங்க. கீழ இருக்கறது மாத்திரைக்கு முன்னாடி. மேல இருக்கறது மாத்திரைக்கு அப்புறம். ரெண்டும் நான்தான்."

அந்த அம்மாள் படத்தைப் பார்த்தார், பிறகு திரும்பி அக்காவின் முகத்தைப் பார்த்தார். அக்கா கையைத் தூக்கிக் கண்ணை மறைக்கவில்லை. பார்க்கட்டும் என்று அப்படியே நின்றாள்.