பங்கர்ச் சுவரில் ஈரம்

9.10.1995, திங்கள்

சமூகக்கல்விச் சோதனை. பாதி எழுதும்போது எங்கோ ஷெல் விழுந்தது. "எழுதுங்கோ, எழுதுங்கோ" என்றார் ரீச்சர். எழுதினேன். என்ன எழுதினேன் என்று தெரியாது.

பின்னேரம் எல்லோரும் வளவில் தோண்டிய பங்கர்க் குழிக்குள் ஓடினோம். அதன் குளியலறைப் பக்க மணற்சுவரில் சாய்ந்தேன், சட்டை நனைந்துவிட்டது. அப்பாவிடம் சொன்னேன். "முகத்துவாரம் இன்னும் கடலுக்கு வெட்டிவிடயில்ல புள்ள. வாவித் தண்ணி ஏறியிரிக்கு. பெரியகல்லாத்தில எங்க தோண்டினாலும் தண்ணிதான்."

இருக்கலாம்.

11.10

மறுபடியும் பங்கர். அதே சுவரிலிருந்து ஒரு கூடை மணல் சரிந்து தங்கச்சியின் காலில் விழுந்தது. அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேலே தென்னங்குற்றிகளும் மணல் மூட்டைகளும் கிடக்கின்றன. சுவர் போனால் அவை எங்கே போகும்? எங்கட தலையிலதானே.

ஷெல்லுக்குப் பயந்து ஓடி, ஓடின இடத்திலேயே புதைந்தால்?

12.10

இருட்டிய பின் வெளிச்சம் தெரியக் கூடாது என்பது அப்பாவின் கட்டளை. குப்பிவிளக்கை பிஸ்கட் தகரத்துக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுதாவிட்டால் நித்திரை வராது.

வாவி ஏறினால் பங்கரின் அடியில்தானே முதலில் ஊற வேண்டும்? அடி காய்ந்து கிடக்கிறது. ஒரு சுவரில் மட்டும், அதுவும் மேற்பாதியில்தான் ஈரம். விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். வாவித் தண்ணீரின் உவர்ப்பில்லை.

அந்தச் சுவருக்கு அப்பால், மண்ணுக்குள், தாங்கியிலிருந்து குளியலறைக்குப் போகிற பைப் இருக்கிறது. கட்டாரிலிருந்து வந்த வருடம் அப்பா தன் கையால் கட்டிய தண்ணீர்த் தாங்கி. அயலார் எல்லாம் வந்து பார்த்தார்கள்.

சாப்பிடும்போது சொன்னேன். "நான் கட்டின தாங்கி ஒழுகாது" என்று சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டார். அம்மா கண்ணாலேயே போதும் என்றார்.

போதாது.

13.10

எல்லோரும் குளித்து முடிந்ததும் தாங்கியில் ஏறினேன். உட்பக்கம், தண்ணீர் மட்டத்தில், அடுப்புக்கரியால் ஒரு கோடு போட்டேன்.

14.10, சனி

கோட்டுக்குக் கீழே நாலு விரல் இறங்கியிருக்கிறது! இரவில் யாரும் குழாயைத் திறக்கவில்லை. தாங்கியைச் சுற்றி ஈரமில்லை. அப்படியென்றால் பைப்தான்.

"வெயிலுக்கு வத்தியிரிக்கும்" என்றார் அப்பா.

"ராவில வெயிலா அப்பா?"

கேட்டிருக்கக் கூடாது. கையை ஓங்கினார். அடிக்கவில்லை.

15.10, ஞாயிறு

காது இன்னும் எரிகிறது.

பள்ளிக்கூடச் சட்டைக்கு நீலம் போடும்போதுதான் யோசனை வந்தது. மிச்ச நீலம் முழுவதையும் தாங்கிக்குள் கரைத்துவிட்டேன். அப்பா வாவிக்கு அக்கரையில் வயல் வட்டைக்குப் போயிருந்தார், பின்னேரம்தான் வருவார் என்று நினைத்தேன். ஓடம் விடவில்லையாம். மத்தியானமே திரும்பி நேராகக் குளிக்கப் போய்விட்டார். சொல்ல வாய் வரவில்லை.

நரைத்த தலை நீலம். இடுப்பில் வெள்ளைச் சாரம் நீலம். பக்கத்து வளவு இலட்சுமிப்பிள்ளை மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "இராசாத்தி, இஞ்ச பாரு கா! உன்ர புருசன் கிருஷ்ண பகவானாப் போயிட்டார். ஒரு புல்லாங்குழல் வாங்கிக் குடு!"

அம்மா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார். அப்பா என் காதைப் பிடித்துத் திருகினார்.

"அடிங்கோ! பங்கருக்குள்ள வந்து பாத்திட்டு அடிங்கோ!" கத்திவிட்டேன். நானா கத்தினேன்?

இறங்கி வந்தார். முதல் தென்னங்குற்றிக்குக் கீழே, ஈர மணலில், நீலம் கோடாக வடிந்திருந்தது. நீல விரலால் அதைத் தொட்டார். மணல் பொலபொலவென்று கொட்டியது.

16.10

பள்ளிக்கூடத்தால் வந்தபோது குளியலறைப் பக்கம் தோண்டிக் கிடந்தது. சித்திரையில் சண்டை திரும்பத் தொடங்கியபோது அவசரத்தில் பங்கர் தோண்டிக் குற்றி அடுக்கினார்கள். ஒரு குற்றியின் முனை சரியாக பைப் மூட்டின் மேல் இருந்திருக்கிறது. பாரத்தில் மூட்டு விலகிவிட்டது.

அப்பா குற்றியை நகர்த்தினார். சைக்கிள் ரியூப்பைக் கீலமாக வெட்டி மூட்டில் சுற்றினார். என்னைத்தான் கூப்பிட்டார்.

"இறுக்கிப் புடி. கை நடுங்குது உனக்கு."

"உங்கட கையும்தான் நடுங்குது."

அப்பா ரியூப்பின் மேல் சுற்றிய கம்பியை முறுக்கினார். பிறகு அந்தச் சுவருக்கு மூட்டை அடுக்கினோம், மாமியும் வந்து மணல் அள்ளித் தந்தார்.

18.10

சுவர் காய்கிறது.

20.10

இவ்வளவு கிட்ட ஒருநாளும் ஷெல் விழுந்ததில்லை. மாமியும் எங்களோடு பங்கருக்குள். குற்றிகள் குலுங்கின. தலையெல்லாம் மண். தங்கச்சி என் மடியில் மூத்திரம் போய்விட்டாள். நான் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது சரியாமல் நின்றது. முழு நேரமும் அப்பா அதில்தான் முதுகைச் சாய்த்திருந்தார்.

21.10

பள்ளிக்கூடம் இல்லை. காலையில் தாங்கிக்குள் எட்டிப் பார்த்தேன். நான் போட்ட கோடு எப்போதோ கழுவப்பட்டுவிட்டது. தண்ணீர் மட்டத்தில் புதிதாக ஒரு கரிக்கோடு. தண்ணீர் அதைவிட்டு இறங்கவில்லை.

அப்பாவின் நகங்களில் இன்னும் நீலம் போகவில்லை. இன்று கரியும் இருந்தது.