பனி உண்டு என்றவன்

மக்கா,

இன்று காலையில் கிணற்றில் ப்ளீச்சிங் பவுடர் போட ஆள் வந்திருந்தது. மழைக்குப் பிறகு எலியால் வருகிற எலிப்பனி நோய் பரவுகிறதாம். வாளியில் கரைத்து ஊற்றியதும் அந்த வாடை கிணற்றுக்குள் இறங்காமல் நேரே என் மூக்குக்கு வந்தது. கூட வந்த சுகாதாரத்துக்காரி முற்றத்தில் நின்றபடியே, "மாமா, இவிடெ ஆர்க்கெங்கிலும் பனியுண்டோ?" என்று வீட்டாரின் உடம்பைப் பற்றி மலையாளத்தில் விசாரித்தாள்.

"இல்ல மோளே" என்று என் பெண்சாதி பதில் சொல்லிவிட்டாள். நான் வாய் அடைத்து நின்றேன். நான் வாய் அடைத்து நிற்பதை இந்த ஊரில் பார்த்தவர்கள் குறைவு. கிணற்றுக்காரனே பயந்துபோய், "மாமனுக்கு எந்து பற்றி?" என்றான்.

ஒன்றும் ஆகவில்லை. உன் ஞாபகம் வந்தது, அவ்வளவுதான். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உனக்கு ஒரு மடல் எழுத வேண்டும் என்று அப்போதே நினைத்தேன். தமிழில் நான் எழுத உட்கார்ந்தால் பண்டிதர்களே பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள் என்பது உனக்குத் தெரியும். ஏழாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை நிறுத்தியதில் பள்ளிக்கூடத்துக்குத்தான் நஷ்டம். "எலே, உன்னை நிறுத்தினது பள்ளிக்கூடமாக்கும்" என்று திருத்துவதற்கு நீ இல்லாததால் தைரியமாக எழுதுகிறேன்.

அந்தக் கொரோனா மாதங்களில் தமிழ்நாட்டிலிருந்து கேரள எல்லையில் வந்து இறங்குகிறவர்களை வீட்டில் கொண்டுவிட, பாறசாலையில் சில ஆட்டோக்களுக்குத்தான் பாஸ் கிடைத்தது. அதில் முதல் ஆட்டோ என்னுடையது. கலெக்டர் என் பெயரைச் சொல்லித்தான் கேட்டாராம். ஆரியங்கோட்டு மேட்டுக்கும் காஞ்சிரங்குளத்துக் கடற்கரைக்கும் நான் கொண்டுசேர்த்தவர்களை வரிசையாக நிறுத்தினால் நெய்யாற்றின்கரை வரை நிற்கும். முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் நடுவில் பாலித்தீன் தாள் கட்டி, தலையில் தொப்பி, முகத்தில் மாஸ்க், கையில் உறை என்று நான் இறங்கினால், ஆட்டோக்காரன் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். சந்திரனுக்குப் போகிறவன் என்றுதான் சொல்வார்கள்.

நீ திருப்பூரிலிருந்து வந்த நாள் அப்படித்தான் நின்றிருந்தேன். பனியன் கம்பெனி மெஸ்ஸில் பாதி வயதைச் சோறு வடித்தே கழித்தவன் நீ. கம்பெனி பூட்டி, மெஸ் பூட்டி, கடைசியில் யாரோ பிடித்துக்கொடுத்த பஸ்ஸில், ஜன்னல் உடைந்த சீட்டில் வந்தாய். எல்லையில் அன்றைக்கு ஒரு லட்சம் பேர். சரி, நீ இருந்தால் ரெண்டு பூஜ்யத்தை அழித்திருப்பாய். ஆனால் நெருக்கடிக்கு ஒரு குறைவும் இல்லை. தார்ப்பாய்ப் பந்தலுக்கு அடியில் மேசைகள். வெயிலில் கிடந்து, நெற்றியில் வைத்துச் சூடு பார்க்கும் அந்தத் துப்பாக்கி செத்துப்போயிருந்தது. வேறு வரும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

தமிழ் பேசி வருகிறவர்களுக்கென்று ஓரத்தில் ஒரு மேசை போட்டிருந்தார்கள். அங்கே ஒரு படிக்கிற டாக்டர் பெண். தேனிப் பக்கத்துக்காரி, திருவனந்தபுரத்தில் படிப்பு. தங்கமான பிள்ளை. காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். நான் ஆட்டோவை ஒட்டி நின்று உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கை நீட்டினால் எட்டும் தூரம். இனி எழுதுவதில் ஒரு சொல்கூட என்னுடையது இல்லை.

"உடம்புக்கு எதுவும் பண்ணுதாங்கய்யா?" என்று அவள் கேட்டாள்.

நீ சொன்னாய்: "ரெண்டு நாளா ராத்திரி பனி உண்டு டாக்டரே. நல்ல வெறையலும் உண்டு."

அவள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். "இந்த மாசத்துல என்னய்யா பனி?" என்றாள். பிறகு அவளே, "ராத்திரி பஸ்ல ஜன்னலைத் தொறந்து வச்சிட்டு வந்திருப்பீங்க. தலைக்கு ஒரு மப்ளர் கட்டிக்கங்க. வீட்லயே இருங்க, வெளிய வரக்கூடாது" என்று சொல்லிச் சீட்டில் கையெழுத்துப் போட்டுத் தந்தாள். வீட்டு நிரீட்சணம், வீட்டுக்குள்ளேயே தனியாக இருக்க வேண்டும். முகாமும் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை.

ஆட்டோவில் ஏறியதும் நீ சொன்னாய்: "நல்ல டாக்டரு மக்கா. மப்ளரு கெட்டச் சொல்லுது."

திருப்பூரில் இருந்தவரை நீயும் காய்ச்சல் என்றுதான் சொல்லியிருப்பாய். சொந்த ஊர் வாசலைக் கண்டதும் உன் நாக்கு உனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது. நமக்குப் பனி என்றால் உடம்பில் கொதிப்பது. அந்தப் பிள்ளைக்குப் பனி என்றால் மார்கழியில் புல்லின்மேல் கிடப்பது. ரெண்டு பேரும் தமிழ்தான் பேசினீர்கள். எனக்கும் அப்போது ஒன்றும் தோன்றவில்லை. பனி என்று கேட்ட டாக்டரே வீட்டுக்குப் போகச் சொல்கிறது, நமக்கு என்ன தெரியும் என்று வண்டியைக் கிளப்பினேன்.

நீ அறையைவிட்டு வெளியே வரவில்லை. அதற்கு உன் பெண்சாதியும் சாட்சி, சுவரும் சாட்சி. ஆனால் அடுத்த வீட்டுத் தாசண்ணன் வந்தார். சபையில் மணி அடிக்கிற தாசண்ணன். ஊரில் யாருக்கு என்ன என்றாலும் கஞ்சிப் பாத்திரத்தோடு முதலில் நிற்கிற மனுஷன். ஜன்னல் வழியாக நீ கத்தியது ரோட்டில் போன எனக்கே கேட்டது.

"தாசண்ணே, தள்ளி நில்லும். எனக்குப் பனி உண்டு."

"டாக்டரு பாத்துத்தான வீட்டுக்கு விட்டாச்சு? பின்ன என்ன பயம்? மாஸ்க்க மாட்டிட்டு எப்பிடிடே கஞ்சி குடிப்பே? வேண்டியதைக் குடி."

பாத்திரத்தை உள்ளே நீட்டி, திரும்ப வாங்கி, திருப்பூர்க் கதை எல்லாம் கேட்டுத்தான் போனார். மறுநாளும் வந்தார்.

அதற்கப்புறம் நடந்ததை எழுத எனக்கு அலங்காரம் வரவில்லை. உன்னை ஆம்புலன்ஸ் எடுத்துப் போனது. பின்னாலேயே அவரையும் எடுத்துப் போனது. நம் தெருவைக் கயிறு கட்டி அடைத்தார்கள். நீ மூச்சைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தாய், அவர் வரவில்லை. பையில் கட்டிக் கொண்டுவந்து, ஆழமாகத் தோண்டி, உறை போட்ட ஆட்கள் இறக்கினார்கள். இத்தனை வருஷம் ஊரில் செத்தவர்களுக்கெல்லாம் மணி அடித்தவர், அவருக்கு மணி அடிக்க ஆள் இல்லை. அடிக்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் கயிற்றுக்கு அந்தப்பக்கம் நின்றார்கள்.

ஊருக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. நீ கிடைத்தாய். பனியை மறைத்து எல்லை கடந்தவன் என்றார்கள். நீ எத்தனை தடவை சொன்னாய்: "டாக்டரு கிட்ட நான் சொன்னேன், பனி உண்டுன்னு சொன்னேன்." அதற்கு அவர்கள் வைத்திருந்த பதில் கோர்ட்டில்கூட நிற்கும். "பனி உண்டுன்னு சொன்னவனை எந்த டாக்டரு வீட்டுக்கு விடும்?"

பெயரும் வைத்தார்கள். நம் ஆட்களுக்கு அதில் மட்டும் மூளை நன்றாக வேலை செய்யும். பனியன் கம்பெனியிலிருந்து பனியைக் கொண்டுவந்தவன். அதனால் பனியன். டீக்கடையில் நீ ஏறினால், "மாறி இரிங்கடே, பனியன் வருது" என்பார்கள். சிரிப்பார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் கயிறு கட்டிய நாட்களிலும் பின்பக்க வாழைத்தோட்டம் வழியாகச் சாராயத்துக்குப் போய் வந்தவர்கள். அவர்களுக்கு ஒரு பெயரும் இல்லை.

சபை திறந்தபின் முதல் திருவிருந்துக்கு நீ வந்தாய். நீ உட்கார்ந்த பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். ஒருவருக்கு இருமல் வந்தது, ஒருவருக்கு மின்விசிறிக் காற்று வேண்டியிருந்தது. கடைசியில் அந்த நீளப் பெஞ்சில் நீ மட்டும். நான் என் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். சபை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. போதகரே பிரசங்கத்தை நிறுத்திவிட்டார் என்று சொல்ல ஆசை. நிறுத்தவில்லை. நீ என் காதில், "போலே, உன் பேரும் கெட்டுப்போவும்" என்றாய். எனக்கு எந்தப் பேர் இருந்தது கெடுவதற்கு?

எனக்கு விஷயம் பிடிபட்டது டிவியில். மத்தியானம் சோறு தின்றுகொண்டிருந்தேன். தமிழ் செய்தியில் ஒருத்தி ஊட்டியில் உறைபனி என்று வாசித்தாள். புல் எல்லாம் வெள்ளையாகக் காட்டினார்கள். சோற்றுக் கையோடு எழுந்து உன் வீட்டுக்கு ஓடிவந்தேன். நீ கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தாய். அந்தத் தேனிப் பிள்ளை எந்தப் பனியைக் கேட்டது என்று சொன்னதும், தவிட்டுக் கையை அப்படியே வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாய்.

"அப்போ நான் சொன்னது உண்டு, இல்லியா?"

"உண்டு மக்கா. நான் கேட்டேன்."

"எல்லாவனும் சொல்லிச் சொல்லி எனக்கே சந்தேகமாப் போச்சு. சொன்னனா, சொன்னதா நெனச்சனான்னு." பிறகு சிரித்தாய், இருமல் வரும்வரை சிரித்தாய். "மப்ளரு! அதான் மப்ளரு கெட்டச் சொன்னது!"

அன்றைக்கே டீக்கடையில் சொன்னேன். சபை முற்றத்தில் சொன்னேன். பஞ்சாயத்து மெம்பரிடம் சொன்னேன். கேட்டவர்கள் எல்லாரும் ரசித்தார்கள். "கொள்ளாம் மாமா, நல்ல கதை. பின்ன கலெக்டரு என்ன சொன்னாரு?" என்றார்கள். ஒற்றசேகரமங்கலத்து மேட்டில் யானை என் ஆட்டோவுக்கு வழிவிட்டது என்று நான் சொன்னபோது வாய் பிளந்து கேட்டவர்கள், பேச்சிப்பாறை அணையில் நான் பிடித்த மீனுக்குத் தாடி இருந்தது என்றபோது எத்தனை முழம் என்று விசாரித்தவர்கள். யானையை நம்பினார்கள். மீன் தாடியை நம்பினார்கள். நான் கண்ணால் கண்டு காதால் கேட்ட ஒரே ஒரு சொல்லை நம்ப ஆள் இல்லை.

உன் அடக்கத்துக்கு நல்ல கூட்டம். இதில் சேர்ப்பு இல்லை, நிஜமாகவே கூட்டம். காபியும் வந்தது. கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவர், "அந்த ஒரு காரியம் ஒழிச்சா நல்ல மனுஷனாக்கும்" என்றார். மற்றவர்கள் தலையை ஆட்டினார்கள். உன்னை மன்னித்துவிட்ட மாதிரி ஆட்டினார்கள். என் கோப்பையை அப்படியே கீழே வைத்துவிட்டு வந்தேன்.

தாசண்ணன் வீட்டு அக்கா அன்றைக்கு வரவில்லை. கடைசிவரை உன்னிடம் அவள் பேசவில்லை. ஊர் நம்பினால் என்ன, நம்பாவிட்டால் என்ன, அக்கா ஒருத்தி நம்பினால் போதும் என்று நீ சொல்வாய். அவளிடம் போய்ச் சொல்ல உனக்குக் கால் வரவில்லை. எனக்கு நேரம் பார்த்துப் பார்த்தே காலம் போய்விட்டது. இன்று கிணற்று ஆட்கள் போனதும் சட்டையை மாட்டிக்கொண்டு நேரே போனேன்.

அக்கா முற்றத்தில் நல்லமிளகு காயப்போட்டுக் காலால் கிண்டிக்கொண்டிருந்தாள். நான் நின்றபடியே சொன்னேன். லட்சம் பேர் இல்லை, கலெக்டர் இல்லை. மேசை, பிள்ளை, கேள்வி, உன் பதில், அவள் சிரிப்பு, மப்ளர். இருந்தது இருந்தபடி. என் ஆயுளில் இவ்வளவு குறைவாக நான் பேசியது இல்லை.

அக்கா கிண்டுவதை நிறுத்திக் கேட்டாள். "அந்தப் பெண்ணு பேரு என்ன?"

"தெரியாது அக்கா."

"இப்ப எங்க இருக்கு?"

"அதும் தெரியாது."

"அவன் சொன்னதை வேற ஆராவது கேட்டாவளா?"

"நான் மட்டும்தான்."

அக்கா காலால் மிளகை ஒரு தடவை கிண்டினாள். பிறகு என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "நல்ல கூட்டுக்காரன்லே நீ" என்றாள். "செத்தவனுக்கு வேண்டி இம்புட்டு யோசிச்சிருக்கே. நல்லாத்தான் கதை சேத்திருக்கே. மப்ளரு மட்டும் கொஞ்சம் கூடிப்போச்சு."

அதை எடுத்துவிட்டிருந்தால் ஒருவேளை நம்பியிருப்பாள். ஆனால் அந்த டாக்டர் பிள்ளை அதைச் சொன்னாள் மக்கா, நீ கேட்டாய், நான் கேட்டேன். நடந்ததில் ஒன்றை எப்படி எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. சேர்த்துத்தான் பழக்கம்.

இப்போதும் பாறசாலை ஸ்டேஷனில்தான் வண்டியைப் போடுகிறேன். வெளியூர்க்காரர்கள் ஏறினால் உன் கதையைச் சொல்கிறேன். அவர்களுக்கு என்னைத் தெரியாது, யானையைத் தெரியாது. அதனால் நம்புகிறார்கள். சிலர் "அடப்பாவமே" என்கிறார்கள். போன வாரம் ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர்கள் இறங்குகிற இடம் வரும்வரை நீ பொய் சொல்லாதவன். இறக்கிவிட்டு, காலி வண்டியோடு ஊருக்குத் திரும்பி வாறேன்.