நான் நம்பாத தம்பி

ஜூலை 9, செவ்வாய்

கார்த்திக்கு இடது கண்ணிலும் நடுப்பார்வை மறையத் தொடங்கிவிட்டது. வலது கண் போய் இரண்டு மாதம்தான் ஆகிறது. என் பிள்ளைக்கு இருபத்து மூன்று வயது.

பார்வை நரம்பைத் தாக்கும் அபூர்வ நோயாம். தாய் வழியாக வருமாம். "உங்க கூடப் பொறந்தவங்க யாருக்காவது இப்படி ஆயிருக்கா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

தம்பி முருகன் குடித்தே கண்ணைக் கெடுத்துக்கொண்டான் என்று இருபது வருடமாகச் சொல்லிவந்தவள் நான். அவன் பெண்டாட்டி பிரிந்துபோன அன்றும் அதையேதான் சொன்னேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து கார்த்தியையும் கூட்டிக்கொண்டு நேராக நெல்லித்தோப்பில் தம்பி வீட்டுக்குப் போய் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"கண்ணு போனப்புறந்தான்க்கா குடிக்கவே ஆரம்பிச்சேன். அப்பவே சொன்னேன், நீதான் நம்பல," என்றான். குரலில் கோபமே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பிறகு கார்த்தியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டான். "நேரா பாத்தா மொகம் தெரியாதுடா. காது பக்கமா பாரு, கொஞ்சம் தெரியும். எங்க, அம்மாவப் பாரு."

கார்த்தி என் காதைப் பார்த்தான். "அழுவுறியாம்மா?" என்றான்.

இல்லை என்றேன். தம்பியிடம் மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். கேட்காமலே வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கடலூரிலிருந்து மகள் போன் செய்தாள். "டாக்டர் என்னம்மா சொன்னாங்க?"

"சொட்டு மருந்து குடுத்திருக்காங்க," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அவளுக்கு இது ஏழாவது மாதம். அவளும் என் வயிற்றில் பிறந்தவள்தானே. அவளிடம் இதை எப்படிச் சொல்வேன்?